மைதா இல்லாத கேக்

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம், சீலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடலைப் பாதிக்கிறது. மைதா, ரவை இரண்டும் கோதுமையே. பார்லியிலும் குளூட்டன் உண்டு. அதற்காக வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் இல்லை என்றாகிவிட வேண்டுமா?

முக்கால் கப் கேழ்வரகு மாவையும் கால் கப் அரிசி மாவையும் அரை கப் தயிரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறினால்தான் நறநறப்பு போகும். இரண்டு முட்டையை முக்கால் கப் நாட்டுச் சர்க்கரையோடு நன்றாக நுரை வர அடியுங்கள். குளூட்டன் இல்லாத மாவு காற்றைப் பிடித்து வைக்காது. அந்த வேலையை முட்டைதான் செய்கிறது, ஆகவே இதில் அவசரம் வேண்டாம். உருக்கிய வெண்ணெய் அரை கப், ஏலப்பொடி, ஊறிய மாவு சேர்த்து, கடைசியாக ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து, 180 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வேகவையுங்கள். குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் பதம் சரி. நன்றாக ஆறவிட்டே வெட்டுங்கள், சூட்டில் உதிர்ந்துவிடும்.

முக்கியமாக ஒன்று: கோதுமை அரைக்கும் மில்லில் கேழ்வரகை அரைக்கக் கொடுக்காதீர்கள். மிக்ஸியிலேயே அரைத்து, மைதா படாத தனிச் சல்லடையில் சலியுங்கள்.