சைல்ட்ஹூட்ஸ் எண்ட் (நாவல்)

சைல்ட்ஹூட்ஸ் எண்ட் ('குழந்தைப் பருவத்தின் முடிவு'), ஆர்தர் சி. கிளார்க் 1953-ல் வெளியிட்ட ஆங்கில அறிவியல் புனைவு நாவல். மனிதர்களுக்கும் வேற்றுலகவாசிகளுக்கும் இடையிலான அரசுறவைப் பேசும் நாவல்களில் முன்னோடியானது. 1950-ல் வெளிவந்த 'கார்டியன் ஏஞ்சல்' என்னும் தன் சிறுகதையை விரித்து இதன் முதல் பகுதியை கிளார்க் எழுதினார். இங்கிலாந்தில் பிறந்த அவர் 1956-ல் இலங்கையில் குடியேறி, 2008-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

கதை

உலகின் பெருநகரங்களுக்கு மேலே ஒரே நாளில் பிரம்மாண்டமான விண்கலங்கள் வந்து நிற்கின்றன. வந்தவர்களை மனிதர்கள் 'ஓவர்லார்டுகள்' (மேலரசர்கள்) என்று அழைக்கிறார்கள். அவர்களின் தலைவர் காரெல்லன். பதவிப்பெயர் 'பூமியின் மேற்பார்வையாளர்'. அவர் நேரில் பேசும் ஒரே மனிதர் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர், பின்லாந்துக்காரரான ஸ்டார்ம்கிரன். நேரில் என்றாலும் முகம் பார்த்து அல்ல. கலத்தின் சிறிய அறையில் ஒரு திரைக்கு முன் ஸ்டார்ம்கிரன் அமர்ந்திருப்பார். குரல் மட்டும் வரும்.

காரெல்லன் போர் தொடுப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் வெள்ளைச் சிறுபான்மையினரின் உரிமைகளை மீட்க ஆணையிடுகிறார். அரசு மறுக்க, கேப் டவுனில் சூரியன் முப்பது நிமிடம் அணைந்துபோகிறது. நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் கிளார்க் நிலைமையைத் தலைகீழாக்கி எழுதியிருக்கிறார். மாட்ரிட் காளைப்போர் அரங்கில் காளைக்கு விழும் குத்தின் வலியைப் பார்வையாளர்கள் அனைவரும் உணர்கிறார்கள்.

போர், பட்டினி எல்லாம் நின்றுவிடுகின்றன. ஆனால் முகம் காட்டாதவரை எப்படி நம்புவது என்று 'சுதந்திர லீக்' கேட்கிறது. அந்த எதிர்ப்பில் இருந்த தீவிரவாதிகள் ஸ்டார்ம்கிரனைக் கடத்துகிறார்கள், காரெல்லன் மீட்கிறார். ஸ்டார்ம்கிரனுக்கும் அதே கேள்வி உண்டு. கடைசிச் சந்திப்பில் மறைத்து எடுத்துச்சென்ற கருவியின் ஒளியால் திரைக்கு அப்பால் ஒரு கணம் பார்த்துவிடுகிறார். பின்னர் செய்தியாளர் கேட்கும்போது எதையும் பார்க்கவில்லை என்கிறார். நாவலின் மிகச் சிறந்த இடம் இதுவே. நண்பராகிவிட்ட ஒருவருக்காக ஒரு தூதர் சொல்லும் பொய் அது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இரு குழந்தைகளைக் கைகளில் ஏந்தியபடி காரெல்லன் வெளியே வருகிறார். கொம்பு, சிறகு, வால் என்று கிறிஸ்தவ மரபின் சாத்தானின் உருவம். மறைந்திருந்ததன் காரணம் அப்போது புரிகிறது.

பிற்பகுதி வேறு தளத்துக்குச் செல்கிறது. மனிதக் குழந்தைகள் உருமாறி 'ஓவர்மைண்ட்' எனும் பேருணர்வில் கலக்கிறார்கள். மேலரசர்கள் அதன் ஏவலர்கள் மட்டுமே. அவர்களுக்கு அந்த வளர்ச்சி வாய்ப்பதில்லை. கடைசி மனிதனான ஜான் ராட்ரிக்ஸ் பூமி அழிவதை விவரித்தபடி மறைகிறான்.

வாசிப்பு

இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் வந்த நாவல் இது. சமஸ்தானங்களில் அரசரை அரியணையில் விட்டுவைத்து, ஆங்கிலேய ரெசிடெண்ட் முடிவுகளை எடுத்த முறையை அறிந்த வாசகருக்கு காரெல்லனின் பதவிப்பெயர் புதிதாகத் தோன்றாது. நன்மையே செய்தாலும் கேட்காமல் வந்த ஆட்சியை ஏற்கலாமா என்ற கேள்வியை சுதந்திர லீக் எழுப்புகிறது. கிளார்க் அதற்கு முழுதாகக் காதுகொடுக்கவில்லை. லீக்கினரைப் பெரும்பாலும் மதப்பற்றாளர்களாகவே காட்டிவிடுகிறார். நாவலின் பலவீனம் இது.

பிற வடிவங்கள்

1990-ல் முதல் அத்தியாயத்தை கிளார்க் திருத்தி எழுதினார். 2015-ல் தொலைக்காட்சிக் குறுந்தொடராக வந்தது. அதில் ஸ்டார்ம்கிரன் அமெரிக்க விவசாயியாக மாற்றப்பட்டார். காரெல்லனாக சார்ல்ஸ் டான்ஸ் நடித்தார்.