குளோரி: ஒரு சொல், பல முகம்

நம்மில் பலர் தமிழ் வழியில் பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமோவுக்கு வந்தவர்கள். முதல் வருடம் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரண்டுபோய், நோட்டில் நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம் என்று எழுதி மனப்பாடம் அடித்தவர்கள். 'குளோரி' என்றால் 'புகழ்'. அவ்வளவுதான், அடுத்த சொல்! ஒர்க்‌ஷாப்பில் ஒரு பம்பைப் பிரித்துப் பார்ப்பது போல இந்தச் சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? உள்ளே எத்தனை பாகங்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

பிறந்த கதை

லத்தீன் மொழியின் 'குளோரியா' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'குளோரி' ஆயிற்று. இது அதிகம் புழங்கியது பைபிளில்தான். அங்கே எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் 'காவோத்'. அதன் வேர்ப்பொருள் 'கனம்', அதாவது எடை! கிரேக்கத்தில் அதற்கு ஈடாக வைத்த சொல் 'டாக்ஸா'. அதன் பழைய பொருள் 'கருத்து', அதாவது ஒருவரைப் பற்றி மற்றவர்கள் நினைப்பது. தமிழில் புராட்டஸ்டன்ட் பைபிள் 'மகிமை' என்கிறது. கத்தோலிக்கர்கள் இன்று 'மாட்சி' என்கிறார்கள்.

நம் தமிழ் மட்டும் லேசுப்பட்டதா? 'புகழ்' என்பதே வினையாகவும் பெயராகவும் நிற்கும் சொல். ஒருவர் புகழ்ந்தால்தான் இன்னொருவருக்குப் புகழ். பழந்தமிழில் 'இசை' என்றாலும் புகழ், 'ஒளி' என்றாலும் புகழ். காதில் விழுவதும் புகழ், கண்ணில் படுவதும் புகழ்! திருக்குறளில் 'புகழ்' 24-ஆவது அதிகாரம். அதற்கு முந்திய 23-ஆவது அதிகாரம் 'ஈகை'. முதலில் கொடு, பிறகு பேர் வரும் என்று வள்ளுவர் வரிசையிலேயே சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

வாக்கியத்தில் எப்படி வரும்?

போரிலோ விளையாட்டிலோ பெற்ற பெரும்பேர், குளோரி. ஒரு பழைய கோயிலோ அரண்மனையோ முழு அழகோடு நின்ற காலம், அதன் குளோரி. இதே சொல் வினையாகவும் வரும். ஒன்றை நினைத்துப் பூரித்துப் பெருமை கொள்வது என்று அப்போது பொருள். முன்னால் 'வெயின்' சேர்ந்து 'வெயின்குளோரி' ஆனால் வெட்டிப் பெருமை. 'ஓல்டு குளோரி' என்றால் அமெரிக்கக் கொடிக்குச் செல்லப்பெயர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது 'குளோரிஃபைட்' என்ற வடிவம். தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு அதிகாரி எங்களைப் பார்த்து, "டிப்ளமோக்காரன்னா யாரு? குளோரிஃபைட் ஹெல்பர்தானே!" என்றார். என் பக்கத்தில் நின்ற நண்பன் சந்தோஷமாக "தேங்க்யூ சார்" என்றான்! அகராதிப்படி அவன் சொன்னது சரிதான். 'குளோரிஃபை' என்றால் மகிமைப்படுத்து. ஆனால் வேலையின் பெயருக்கு முன்னால் இது வந்தால் அர்த்தம் தலைகீழ். 'பேர்தான் பெருசு, உள்ளே அதே பழைய சரக்கு' என்கிற கேலி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தான். ஒற்றை அர்த்தம் படித்தால் நமக்கு நேரக்கூடிய கதி இதுதான். வைகிறார்களா வாழ்த்துகிறார்களா என்றே தெரியாமல் போய்விடும்.

பூவிலும் அணையிலும்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். ஆங்கிலத்தில் 'குளோரி லில்லி', தாவரவியல் பெயர் 'குளோரியோசா சுபர்பா'. நம் ஊர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்றால் தெரியும். தீச்சுடர் மாதிரி அழகு, ஆனால் செடி முழுக்க விஷம். அதே விஷத்திலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின்தான் கௌட் என்னும் மூட்டு வாதத்துக்கு மருந்து.

'மார்னிங் குளோரி' என்பது காலையில் விரியும் புனல் வடிவப் பூக்கள் கொண்ட குடும்பம். கண்மாய்களை அடைத்துக்கொண்டு கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் இந்தக் குடும்பம்தான்! தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. பேரில் குளோரி, கண்மாய்க்கோ தொல்லை.

சிவில் நண்பர்களுக்கு ஒரு செய்தி. அணையில் கூடுதல் நீரை வெளியேற்ற, நீர்த்தேக்கத்துக்குள்ளேயே புனல் போல வாய் விரிந்த கிணறு அமைப்பதுண்டு. அந்தப் பூவின் வடிவத்தால் அதற்கு 'மார்னிங் குளோரி ஸ்பில்வே' என்று பெயர். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 1957-ல் முடிந்த மான்டிசெல்லோ அணையில் இருப்பது புகழ்பெற்றது. அதன் வாய் 72 அடி அகலம்.

மேகத்தில் ஒரு குளோரி

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில், வெயில் முதுகில் அடிக்க, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்திருந்தால், சில சமயம் நம் நிழல் மேகத்தின் மேல் பெரிதாக விழும். அந்த நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியலாம். உள்ளே நீலம், வெளியே சிவப்பு. மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாகும் இந்த வளையத்துக்கு இயற்பியலில் பெயரே 'குளோரி'.

1894-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதைப் பார்த்து வியந்தவர் சி.டி.ஆர். வில்சன். இதை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க மேகத்தைச் செயற்கையாகச் செய்யத் தொடங்கினார். அந்த முயற்சி 'மேக அறை' என்ற கருவியாக வளர்ந்து, அணுத்துகள்கள் போகும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டியது. 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாலு பேர் சேர்ந்து நின்றாலும், அவரவருக்கு அவரவர் நிழலின் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். பக்கத்து ஆளின் தலையில் தெரியாது. நம் தலையில் நாம் காணும் ஒளிவட்டம் ஊருக்குத் தெரிவதில்லை!

அப்படியானால் எது நிலைக்கும்? நம் டி. கல்லுப்பட்டியிலேயே பதில் இருக்கிறது. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பம்பாயில் நல்ல தொழிலை விட்டுவிட்டு காந்தியோடு சேர்ந்தார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் என்று கிராமத் தொழில்களை ஆராய்ந்தார். கடைசிக் காலத்தில் நம் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். அவர் தேடியது ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை. எபிரேயச் சொல் சொல்கிறதே, அந்தக் கனம்தான் அவரிடம் இருந்தது.

எனவே நண்பர்களே, சொற்களைப் பிரித்துப் படிப்போம். 'குளோரிஃபைட்' என்று யாராவது கேலி பேசினால், புரிந்துகொண்டே சிரிப்போம். பிறகு ஸ்பேனரையோ தியோடலைட்டையோ கையில் எடுத்து, நம் வேலையின் கனத்தைக் காட்டுவோம். புகழ்வது மற்றவர்கள் பொறுப்பு!