கணிப்பொறியில் ஒரு வேதாளம்

கணிப்பொறி விளையாட்டு என்றவுடன் துப்பாக்கி ஓசையும் விரைந்தோடும் வண்டிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், பக்கம் பக்கமாகப் படித்து, நின்று எண்ணி, விடை கூறி ஆட வேண்டிய விளையாட்டுகளும் உள. ஆடுபவர் கதைமாந்தர் ஒருவரின் இடத்தில் தாமே நின்று கதையை நடத்துவதால், இவற்றைப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் எனலாம். இவற்றுள் இருபத்தைந்தும் நாற்பதும் ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தவற்றை இன்றும் விரும்பி ஆடுவோர் உளர். அவற்றின் படங்கள் மங்கியவை, ஒலியும் எளியது. எனினும் அவை ஈர்க்கும் காரணம் யாது? அதனைச் சிறிது நோக்குவோம்.

பாத்திரமேற்றல் நமக்குப் புதிதன்று. குத்தம்பாக்கம், திருமழிசை எனச் சென்னைக்கு மேற்கே விரியும் ஊர்கள் அடங்கிய தொண்டைமண்டலம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. திரைக்குப் பின் வந்து நிற்கும் வேடதாரியைப் பார்த்து, அவர் யார், எந்நாட்டவர் எனக் கட்டியங்காரன் வினவுவான். அதற்கு விடை கூறியே அவர் அவைக்குள் வருவார். நாம் கூறும் விளையாட்டுகளும் இவ்வினாவுடனேயே தொடங்குகின்றன. ஆனால், இங்கே வேடம் புனைபவர் பார்வையாளரே.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு தத்தம் பாத்திரமாய் நின்று ஆடுவர். இம்முறையே பின்னர்க் கணிப்பொறிக்குள் புகுந்தது.

1985இல் ரிச்சர்டு கேரியட் படைத்த ‘அல்டிமா’ நான்காம் பாகத்தில், வென்றொழிக்க வேண்டிய கொடியோன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், பணிவு முதலாய எட்டுப் பண்புகளில் நிறைவெய்துவதே அதன் குறிக்கோள். அங்கே மூலிகை விற்பவர் பார்வையற்றவர். விலையை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைப்பினும் பொருள் கிட்டும். ஆயின், விளையாட்டு அதனை மறப்பதில்லை. நம் வாய்மையின் அளவு ஓசையின்றிக் குறைந்துவிடும்.

1999இல் வெளிவந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. பிணவறையில் கண்விழிக்கும் ஒருவன். அவனுக்குப் பெயரும் நினைவில்லை, சாவும் இல்லை. ஒரு மனிதனின் இயல்பை மாற்ற வல்லது எது என்னும் வினாவே அவன் கதையின் உயிர்நாடி. வாள்வீச்சினும் உரையாடலே அங்கு மிகுதி. அவ்விளையாட்டு 2017இல் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் வெளிவந்தது.

இவ்விடத்தில் நம் விக்கிரமாதித்தன் கதை நினைவுக்கு வருகின்றது. விடை அறிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். எதைத் தேர்ந்தாலும் ஒரு விளைவு உண்டு. வினாக்களே நடத்திச் செல்லும் நூல்களும் நம்மிடம் உள. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த, வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ இதற்குச் சான்று. ‘மசலா’ என்பது வினாவைக் குறிக்கும் அரபுச் சொல்வழி வந்தது.

இதனால் தெளிவாவது ஒன்று. படம் பழையதாகும், வினா பழையதாவதில்லை. திரைப்படத்தில் அறம் தவறியவன் வேறொருவன். இவ்விளையாட்டிலோ அத்தவறு நம் கையால் நிகழ்ந்தது. அந்தப் பொறுப்புணர்வே மறுமுறையும் ஆடத் தூண்டுகின்றது. வேறு விடை கூறியிருப்பின் கதை எங்ஙனம் சென்றிருக்கும் என்னும் ஏக்கம் எளிதில் தணிவதன்று.

இத்துறையில் தமிழுக்கு இடமுண்டா? உண்டு என்பதற்குக் கனடாவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ சான்று பகர்கின்றது. அது பாத்திரமேற்பு வகையைச் சார்ந்ததன்று. சமையல்வழிக் கதை சொல்லும் சிறு விளையாட்டு. புலம்பெயர்ந்த தாயொருத்தி, எழுத்துகள் அழிந்துபோன தன் அன்னையின் சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி சமைக்கிறாள். விடுபட்ட இடங்களை நிரப்புபவர் ஆடுபவரே. பிரிட்டனின் ‘பாஃப்டா’ அமைப்பு 2024இல் சிறந்த முதற்படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது.

கருவி வேண்டுவோர்க்குப் பொறியியலார் உளர். கதை வேண்டின் எவரிடம் செல்வது? தமிழ் பயில்வோர்க்கு என்ன வேலை உண்டு என வினவுவோர்க்கு, இதுவும் ஒரு வேலை என நாம் விடை கூறலாம். கூத்தும் கதையும் மசலாவும் கற்ற நாம் எழுதாவிடில், நம் பிள்ளைகள் பிற நாட்டார் கதைகளுக்குள் மட்டுமே வேடம் புனைவர். வேதாளம் வினவிவிட்டது, விடை அறிந்தும் வாளாவிருத்தல் தகாது.