சேலத்துக்கு பஸ் ஏற்றி அனுப்பியும் மும்பை நடைபாதைக்கே திரும்பியது ஏன்?

புதிய வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் வாடகை எகிறும். தள்ளி எடுத்தால் வாடகை குறையும், ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் போய்விடும். சம்பளத்தையும் தூரத்தையும் வைத்து எப்படியோ ஒரு முடிவுக்கு வருவோம்.

நடைபாதையில் குடும்பம் நடத்துபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கையில் இருக்கும் தொகைதான் வேறு. உச்ச நீதிமன்றத்தின் 1985-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் அந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது. அதில் வரும் ஒருவர் சேலத்துக்காரர்.

நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய், 1961-ல் பம்பாய்க்குப் போனார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கேன்வாஸும் போட்ட ஒரு குடிசை. அதற்கு அந்த ஏரியா தாதா வாங்கிய தொகை 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேல்! 'ஓசியில் இருக்கிறார்கள்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் இடத்தின் விலை இது.

1981 ஜூலை 13 அன்று, நடைபாதைவாசிகளை எல்லாம் அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக அப்போதைய மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே அறிவித்தார். கொட்டும் மழைக்காலம். பத்து நாளில் சேலத்துக்காரரின் குடிசை இடிக்கப்பட்டது. மனைவி, மூன்று மகள்களோடு அவரை பஸ் ஏற்றி சேலத்துக்கு அனுப்பினார்கள். குடும்பம் சேலத்தில் தங்கிவிட்டது. அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் சேர்ந்தார். ஊரில் சோறு இருந்திருந்தால் 1961-லேயே கிளம்பியிருக்க மாட்டாரே!

தீர்ப்பு என்ன சொன்னது?

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கு இது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 1985 ஜூலையில் தீர்ப்பு சொன்னது. உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. வேலைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் இவர்கள் நடைபாதையைத் தேடுகிறார்கள், அந்த இடம் போனால் வேலையும் போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்தப்படும் பகுதி இதுதான்.

ஆனால், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கிடைத்த சலுகை, மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை அவகாசம். 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மட்டும் நகரின் வட பகுதியில் உள்ள மால்வணி போன்ற இடங்களில் மாற்று இடம் தரவேண்டும். அதுவும் அகற்றுவதற்கான முன்நிபந்தனை அல்ல! நடைபாதையில் இருந்த பெரும்பாலானோர் அந்த 1976 கணக்கிலேயே இல்லை என்பது கூடுதல் சிக்கல்.

சேலையே டேப்

அரசு எண்ணவில்லை என்றால் நாமே எண்ணிக்கொள்வோம் என்று அந்தச் சமயத்தில் கிளம்பியவர்கள் பைகுல்லா பகுதி நடைபாதைப் பெண்கள். 1984-ல் தொடங்கிய 'ஸ்பார்க்' என்ற தொண்டு நிறுவனம் கூட நின்றது. 1985-ல் சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களின் விவரம் திரட்டப்பட்டது. எந்த ஊர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன வேலை, வேலைக்கு எப்படிப் போகிறார்கள்? பெரும்பாலானோர் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்பது அதில் தெரியவந்தது.

அடுத்த வருடம் இந்தப் பெண்கள் 'மகிளா மிலன்' என்ற கூட்டமைப்பானார்கள். கிடைப்பதில் கொஞ்சம் எடுத்துவைக்கும் சேமிப்பு, அவசரத்துக்குக் கடன் என்று ஆரம்பித்து, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதுவரை போனார்கள். அடிக் கணக்கு தெரியாதவர்கள் உடுத்திய சேலையை வைத்தே நீளம், உயரம் அளந்தார்கள். ஒரே அறையானாலும் 14 அடி உயரம் வேண்டும், நடுவில் பரண் போட்டால் மேலே பிள்ளைகள் படுக்கலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வழி. நிஜ அளவிலேயே மாதிரி வீடு செய்து கண்காட்சியும் வைத்தார்கள்.

இவர்களோடு கைகோத்த தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காக பம்பாய் போனவர். மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் குப்பை அள்ள யாரும் வராதபோது, பிள்ளைகளைத் திரட்டி, குப்பையைப் பொட்டலம் கட்டி, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார். 2000-ல் இவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதில் சுற்றுச்சூழல் எங்கே வருகிறது?

வேலை, கடை, பள்ளி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் இப்போது பாரிஸ் போன்ற நகரங்கள் பேசும் '15 நிமிட நகரம்'. பைகுல்லா நடைபாதைக் குடும்பங்கள் பெட்ரோல் செலவே இல்லாமல் அப்படித்தான் வாழ்ந்தன. அதற்காக அந்த வாழ்க்கையைப் 'பசுமை வாழ்க்கை' என்று கொண்டாட முடியாது. கழிப்பறை இல்லை, குழாய் இல்லை, பெண்களுக்குக் குளிக்க மறைவு இல்லை. அவர்கள் கேட்டது கூரையும் கழிப்பறையும், பிழைப்பை விட்டு விலகாத தூரமும்.

நடந்தது பாதிதான். 1995-ல் மகாராஷ்டிரத்தின் குடிசை மறுசீரமைப்புத் திட்டத்தில், அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே வசித்த நடைபாதைவாசிகளும் தகுதி உள்ளவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பத்து வருட எண்ணிக்கைக்கும் சேமிப்புக்கும் கிடைத்த பலன். 'மிலன் நகர்' என்ற குடியிருப்பும் எழுந்தது. ஆனால் நிலம் கிடைத்தது மான்குர்த்தில். பைகுல்லாவுக்கு வேலைக்கு வரவேண்டும் என்றால் குர்லாவில் ரயில் மாறவேண்டும்.

சென்னையில் கதை இன்னும் சிக்கல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்த குடும்பங்களை அகற்றியபோது சொன்ன காரணமே ஆற்றைக் காப்பாற்றுவதுதான். ஆறு காப்பாற்றப்பட வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பலருக்கு வீடு கிடைத்தது நகரின் தென்கோடியில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில். அங்கேயும் வெள்ளம் வருகிறது. நகரத்துக்குள் வீட்டு வேலைக்கு நடந்து போன பெண், இப்போது விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கவேண்டும். ஆற்றில் எத்தனை மீட்டர் மீட்டோம் என்று கணக்கு வைக்கும் திட்ட அறிக்கைகளில், அவருக்குக் கூடிப்போன கிலோமீட்டருக்கு ஒரு பத்தி வேண்டும். அவர் முன்பு வேலை பார்த்த வீடு எங்கே, அங்கே போய்ச்சேர இப்போது எத்தனை பஸ் என்று வீடு ஒதுக்கும் முன்பே கேட்டு எழுதவேண்டும். பைகுல்லா பெண்கள் 1985-லேயே கேட்ட கேள்விதான் இது.