கருவுற்ற மகளிரும் இரும்புச் சத்தும்

மகப்பேறு முடியுமுன் ஒரு தாயின் உடலுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதிற் சுமார் 300 மில்லிகிராம் சிசுவுக்கும் சூல்வித்தகத்துக்கும் செல்லும். சுமார் 500 மில்லிகிராம் தாயின் உடலிற் பெருகும் செங்குழியங்களுக்கு ஆகும். எஞ்சியது அன்றாட இழப்பை ஈடுசெய்யும். மாதந்தோறும் குருதி இழந்துவந்த பெண்கள் பலரிடம் இதற்கேற்ற சேமிப்பு இருப்பதில்லை.

இக்குறையைக் கண்டறிவதிலேதான் மயக்கம் நேர்கின்றது. ஈமோகுளோபினை அளந்து, 100 மில்லிலீற்றர் குருதியில் 11 கிராமுக்குக் குறைந்தாற் குருதிச்சோகை என்பது வழக்கம்; நடு மும்மாதத்தில் அவ்வெல்லை 10.5 கிராம். கருவுற்ற காலத்திற் செங்குழியங்களிலும் குருதித் திரவம் மிகுதியாகப் பெருகுவதால், நலமுள்ள தாயிடத்தும் இவ்வளவு சற்றுத் தாழும். ஆயின், அளவு எல்லைக்கு மேல் நிற்பது இரும்பு நிறைவுக்குச் சான்றாகாது. களஞ்சியத்து நெல் தீர்ந்துவரும்போதும் சிலநாள் உலையில் அரிசி விழுந்துகொண்டே இருக்குமன்றோ? அதுபோலச் சேமிப்பு வறண்ட பின்னரே ஈமோகுளோபின் குறையத் தொடங்கும். முகம் வெளிறுவது அதற்கும் பிந்தியதே.

சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் புரதம். அது லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் கீழிறங்கினாற் களஞ்சியம் வெறுமை என்பது உறுதி. 30 மைக்கிரோகிராமுக்குக் குறைந்தாலே சிகிச்சை தொடங்குவோர் பலர். அதுவே முறையெனத் தோன்றுகின்றது. குறையோடு பேற்றுக்குச் செல்லும் தாய்க்குச் சாதாரணக் குருதிப்பெருக்கும் பேரிடராகலாம். தொற்றுநோயோ அழற்சியோ உள்ளவிடத்துப் பெரிற்றின் பொய்யாக உயரும் என்பதையும் மறத்தலாகாது. செங்குழியங்கள் சிறுத்திருப்பது தலசீமியாக் கூற்றினாலும் நேரலாம். இலங்கையில் அக்கூறு உடையோர் உளராதலின், பெரிற்றின் அளவைப் பாராது நெடுங்காலம் இரும்பு கொடுத்தல் தகாது.

சிகிச்சைக்கு இரும்புச் சல்பேற்று மாத்திரை பெரும்பாலும் போதும். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெஞ்சு மருத்துவர் பிளோ வழங்கிய மாத்திரைக்கும் இவ்வுப்பே அடிப்படை. வெறுவயிற்றில், தேசிக்காய்ச் சாறு கலந்த நீருடன் உண்பது நன்று. தேநீர் இரும்பை உறிஞ்சவிடாது தடுக்கும். நம் நாட்டில் உணவோடு தேநீர் அருந்தும் வழக்கம் இவ்வகையிற் கெடுதலே. கல்சிய மாத்திரையையும் வேறு வேளைக்கு ஒதுக்குக. கீரையும் பயறும் நல்லுணவே. ஆயினும் அவற்றின் இரும்பு சிறிதளவே உடலிற் சேருமாதலின், வறண்ட சேமிப்பை அவற்றால் மட்டும் நிரப்புதல் அரிது.

மலம் கறுப்பது கண்டும், குமட்டல் மலச்சிக்கலுக்கு அஞ்சியும் மாத்திரையைக் கைவிடுவோர் பலர். கறுப்பு நிறம் தீங்கன்று; ஏனைய தொல்லைகட்கு மருத்துவர் அளவைக் குறைப்பர், அன்றி ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணச் சொல்வர். இரண்டு மூன்று வாரங்களில் ஈமோகுளோபின் உயர்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். உயராவிடின், அல்லது பேறு நெருங்கிவிடின், முதல் மூன்று மாதங்கள் கழிந்தோர்க்கு நாளத்தின் வழியாக இரும்பு ஏற்றலாம். ஈமோகுளோபின் சீரான பின்னரும் மூன்று மாதங்கள் வரை, குறைந்தது மகப்பேற்றின்பின் ஆறு வாரங்களேனும், மாத்திரை தொடர்தல் வேண்டும். களஞ்சியம் நிரம்புவது அப்போதுதான்.