ஸ்மார்ட் கருவிகள் வாங்கினால் கரண்ட் பில் குறையுமா?

இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மின்வாரியத்தின் குறுஞ்செய்தி கைபேசிக்கு வரும்போதுதான் நம்மில் பலருக்கு மின்சாரத்தின் நினைவே வருகிறது. "இந்தத் தடவை எப்படி இவ்வளவு வந்தது?" என்று வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். இரண்டு நாளில் அது அடங்கிவிடும்.

இன்னொரு பக்கம், ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் சுவிட்ச் என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்கள் இவற்றை வாங்கி வருவதும் உண்டு. இவை உண்மையிலேயே மின்கட்டணத்தைக் குறைக்குமா? சில குறைக்கும், சில குறைக்காது. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, முதலில் நம் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

500 யூனிட் என்னும் எல்லை

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்திற்குப் படிநிலைக் கட்டணம். பயன்பாடு கூடக் கூட, அடுத்தடுத்த யூனிட்டின் விலையும் கூடும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு அடி விழுகிறது. 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை பறிபோய், அந்த 100 யூனிட்டும் ரூ.4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ.8.40 கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு ரூ.1,805. 510 யூனிட் ஓடிய வீட்டுக்கு ரூ.2,124. கூடுதலாக ஓடியது 10 யூனிட்தான். கூடுதலாகக் கொடுப்பதோ 319 ரூபாய்!

சில நாடுகளில் உச்ச நேரத்தில் மின்சாரத்தின் விலை கூடும், நள்ளிரவில் குறையும். அங்கே வாஷிங் மெஷினை இரவில் தானாக ஓடவிட்டால் பணம் மிச்சம். யூடியூபில் பார்க்கும் பல ஆலோசனைகள் அப்படிப்பட்டவை. மேலே சொன்ன கட்டண முறையில் வீடுகளுக்கு அப்படி நேர வித்தியாசம் இல்லை. எந்த நேரத்தில் ஓடினாலும் யூனிட் யூனிட்தான். நமக்கு மிச்சம் வேண்டுமானால் மொத்த யூனிட்டைத்தான் குறைக்க வேண்டும், குறிப்பாக 500-க்குள் நிறுத்த வேண்டும்.

யூனிட் எங்கே போகிறது?

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு சூத்திரம் போதும்.

9 வாட் எல்இடி பல்பு தினமும் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்திற்குச் சுமார் 3 யூனிட் ஆகும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் என்றாலும், இரவு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். ஆக, வெப்பத்தையும் குளிர்ச்சியையும் உண்டாக்கும் கருவிகளில்தான் நம் பணம் போகிறது.

நாம் முதலில் வாங்குவதோ கலர் மாறும் ஸ்மார்ட் பல்பு. அணைத்து வைத்திருக்கும்போதும் கைபேசியின் கட்டளைக்காக அது காத்திருக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். ஸ்மார்ட் பிளக்கும் அப்படித்தான். ஒரு பிளக் 1 வாட் எடுத்துக்கொண்டால், பத்து பிளக்குகள் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டை விழுங்கும்.

எங்கே பயன் உண்டு?

முதலில் ஏசி. அதிகாலை 4 மணிக்கு மேல் வெளியே வெப்பம் தணிந்துவிடும். சுப்ஹுக்கு எழும்போது அணைக்க மறந்து, காலை 6 மணி வரை ஏசி ஓடும் வீடுகள் பல. அந்த இரண்டு மணி நேரத்துக்கு, மணிக்கு அரை யூனிட் என்று குறைத்தே கணக்கிட்டாலும் இரண்டு மாதத்தில் 60 யூனிட். 530 யூனிட் ஓடும் வீடு இதனால் 470-க்கு வந்தால், கட்டணம் ரூ.2,292-லிருந்து ரூ.1,616 ஆகும். மிச்சம் 676 ரூபாய். அதே 60 யூனிட்டை, 300 யூனிட் ஓடும் வீட்டில் குறைத்தால் 282 ரூபாய்தான் மிச்சம்.

இதற்கு ஸ்மார்ட் கருவி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான ஏசி ரிமோட்டில் டைமர் பொத்தான் இருக்கிறது. தினமும் அதை அழுத்த மறப்பவர்களுக்கு, கைபேசியில் ஒருமுறை நேரம் குறித்துவிட்டால் நாள்தோறும் அணைக்கும் ஸ்மார்ட் ரிமோட் உதவும். வெப்பநிலையை 24 டிகிரியில் வைப்பதும் முக்கியம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

இரண்டாவது தண்ணீர் மோட்டார். 1 எச்பி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் தினம் கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 15 யூனிட். தண்ணீரும் வீண். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவிக்கு வைஃபைகூடத் தேவையில்லை.

மூன்றாவது கீசர். சூடானதும் தானாக நின்றாலும், சுவிட்ச் போட்டபடியே கிடந்தால் தண்ணீர் ஆறும்போதெல்லாம் திரும்ப ஓடும். குளிக்கும் நேரத்துக்கு முன் அரை மணி நேரம் மட்டும் இயங்கும்படி நேரம் குறிக்கலாம். நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம்.

நான்காவது செட்டாப் பாக்ஸ். டிவியை அணைத்தாலும் இது சுமார் 10 வாட் எடுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் என்றால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தாலே போதும்.

வாங்கும் முன் கவனிக்க

ஏசிக்கும் கீசருக்கும் 16 ஆம்பியர் தாங்கும் கருவியே வேண்டும். விலை குறைவு என்று 6 அல்லது 10 ஆம்பியர் பிளக்கை மாட்டினால் உருகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அமீரகம் போன்ற நாடுகளில் விற்கும் பிளக் நம் சாக்கெட்டில் நேரடியாகப் பொருந்தாது; அடாப்டர் போட்டு அதில் கீசரை ஓட்டக் கூடாது. குளியலறை வேலை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இணைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்கு டைமர் வைக்க வேண்டாம், உணவு கெட்டுவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சுவரில் உள்ள சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும். நெட் இல்லாத இரவில் வாப்பாவும் உம்மாவும் இருட்டில் தடுமாறும்படி ஒரு ஏற்பாடு நமக்குத் தேவையில்லை.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், மின்சாரத்தை அளந்து காட்டும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்குங்கள். அதை ஒவ்வொரு கருவியிலும் ஒரு வாரம் மாட்டிப் பார்த்தால், எது எத்தனை யூனிட் தின்கிறது என்று தெரிந்துவிடும். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட். பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் சுற்றும் ஒரு விசிறியை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சமாகும். அளந்து பார்த்த வீட்டில், அடுத்த செலவு ஸ்மார்ட் பல்புக்கா விசிறிக்கா என்ற குழப்பம் இருக்காது.

அதற்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. மின்வாரிய ஊழியர் கணக்கெடுத்த தேதியையும் அன்றைய மீட்டர் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால், 500-க்குள் நிறுத்த இன்னும் முப்பது நாட்கள் கையில் இருக்கின்றன.