“எது பெஸ்ட்?” என்று கேட்காதீர்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “எது பெஸ்ட்?” என்பதுதான். ஆண்டி வைரஸில் எது பெஸ்ட்? போட்டோக்களை பேக்கப் எடுக்க எது பெஸ்ட்? சாப்ட்வேர் எஞ்சினியர் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஹெர்பர்ட் சைமன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சியைப் படித்தால் நீங்கள் வேறு கேள்வி கேட்பீர்கள்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் உளவியல், கம்ப்யூட்டர் அறிவியல் இரண்டுக்கும் பேராசிரியராக இருந்தவர் சைமன். 1975ல் கம்ப்யூட்டர் துறையின் டூரிங் விருது, 1978ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு இரண்டையும் பெற்றவர்.

மனிதன் எல்லா வழிகளையும் ஒப்பிட்டு, மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பொருளாதார நூல்கள் சொல்லி வந்தன. சைமன் இதை ஏற்கவில்லை. நமக்கு நேரம் குறைவு, கிடைக்கும் தகவல் குறைவு, மூளையின் கணக்குப் போடும் திறனுக்கும் எல்லை உண்டு. அதனால் ‘இவ்வளவு இருந்தால் போதும்’ என்று ஒரு அளவு வைத்துக் கொள்கிறோம். அந்த அளவைத் தொடும் முதல் பொருள் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தி விடுகிறோம் என்றார்.

இதை அவர் கம்ப்யூட்டரிலும் செய்து பார்த்தார். ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோருடன் சேர்ந்து ஒரு செஸ் புரோகிராமை உருவாக்கி, 1958ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். எல்லா ஆட்டங்களையும் அலசிப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. எனவே, போதுமான அளவு நல்ல நகர்த்தல் கிடைத்ததும் அதை ஆடிவிட வேண்டும் என்பது அதில் ஒரு வழி.

பெஸ்ட்டையே தேடுபவர்களுக்கு லாபம் இல்லையா? உண்டு. ஷீனா ஐயங்கார், உளவியல் பேராசிரியர் பாரி ஷ்வார்ட்ஸ் உள்ளிட்டோர் வேலை தேடும் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். மிகச் சிறந்த வேலையையே தேடியவர்களுக்குச் சம்பளம் 20 சதவீதம் அதிகம் கிடைத்தது. ஆனால் திருப்தி மற்றவர்களை விடக் குறைவு!

வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெஸ்ட் பேக்கப் எது என்று மாதக் கணக்கில் தேடினால், அதுவரை குழந்தையின் போட்டோக்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். அது பழுதானால்?

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. தேடும் முன்பே உங்கள் தேவையைப் பேப்பரில் எழுதுங்கள். எத்தனை ஜிபி வேண்டும்? எவ்வளவு செலவழிக்கலாம்?

2. மூன்று, நான்கை மட்டும் பாருங்கள். எழுதியதற்குப் பொருந்தும் முதல் பொருளை எடுத்துக் கொள்ளுங்கள்.

3. ஆண்டி வைரஸ் கேள்வியும் இதே போலத்தான். விண்டோஸ் 10, 11ல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும். பெஸ்ட்டைத் தேடி இரண்டு, மூன்றை நிறுவினால் ஒன்றோடொன்று மோதிக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிடும்.

4. வாங்கிய பிறகு மறுபடி விலையை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

இனி “எது பெஸ்ட்?” வேண்டாம். “எனக்கு எது போதும்?” என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்ல என்னை விட நீங்களே பொருத்தமானவர். முதல் வேலையாக, இன்றே போட்டோக்களை இன்னொரு இடத்தில் காப்பி செய்து விடுங்கள்.